மணல் மூட்டை கூரையைப் பிடித்து வைக்குமா?

இந்தத் தடவை ஒரு வாசகியின் கடிதம். நான்கு பக்கம். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கணவனும் மனைவியுமாகக் கடன் வாங்கி ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார்கள். கீழ்த்தளம் கான்கிரீட், 35 வருடத்துக் கட்டடம். முன்பு இருந்தவர் மொட்டைமாடியில் இரும்புக் குழாய்களை நட்டு, மேலே தகர ஷீட் போட்டு ஒரு அறை எழுப்பியிருக்கிறார். மாமனார் அங்கேதான் தூங்குகிறார். வீட்டின் பின்புறம் பழைய சிமென்ட் ஷீட் போட்ட ஒரு தாழ்வாரம். போன புயலில் மாடி அறையின் ஒரு மூலையிலிருந்து மூன்று ஷீட்டுகள் பிய்த்துக்கொண்டு பறந்தன, ஒன்று அடுத்த தெருவில் கிடந்ததாம். அவற்றைக் கொண்டுவந்து அதே ஓட்டைகளில் திருகி, பாதுகாப்புக்கு மேலே பத்து மணல் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக டேப். அடுத்த தடவை காற்று அடிக்கும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகிக் கூரை தப்பிவிடும் என்று ஒரு உறவினர் சொல்லியிருக்கிறார்.

கேள்விகள் இவை: ஷீட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் தளமே போட்டுவிடலாமா? பக்கத்து வீட்டு மரம் எங்கள் பக்கம் சாய்ந்து வருகிறது, வெட்ட எங்களுக்கு உரிமை உண்டா? மாடி அறைக்கு அனுமதியே வாங்கவில்லை என்பதை விற்றவர் மறைத்துவிட்டார், அவர் மேல் வழக்குப் போட முடியுமா? காப்பீடு கைகொடுக்குமா?

அப்புறம், போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள். "நாலு நாள் கரன்ட் இல்லாமல் பின் தாழ்வாரத்தில் ஜெனரேட்டர் ஓட்டினோம், அந்த நாலு நாளும் எல்லாருக்கும் ஒரே தலைவலி, தூக்கமில்லாததால் இருக்கும்." இன்னொன்று: "கொல்லையில் ஒரு இடத்தில் மண் லேசாக உள்வாங்கியிருக்கிறது, மிதித்தால் டொம்மென்று சத்தம் கேட்கிறது, பிள்ளைகள் அதன்மேல் குதித்து விளையாடுகிறார்கள்."

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத இந்த இரண்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கட்டடப் பொறியாளன் என்ற முறையில் உங்கள் கூரையைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை, இப்படி நூறு கூரை பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வரிகளைப் படித்துவிட்டுத்தான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தலைவலி

நான் மருத்துவன் இல்லை, உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று இங்கிருந்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனால் ஒரே வீட்டில் சின்னப்பிள்ளை முதல் தாத்தா வரை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, பக்கத்தில் ஜெனரேட்டர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடைத்தான். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், தலைசுற்றல், குழப்பம். தூக்கத்தில் இருந்தால் அந்த எச்சரிக்கைகள் எதுவும் தெரியாமலே முடிந்துவிடும். வெளியே காற்றாடப் போய் நின்றபோது தலைவலி குறைந்ததா என்று யோசித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

"தாழ்வாரம் திறந்துதானே இருக்கிறது" என்று உங்களுக்குத் தோன்றும். மூன்று பக்கம் சுவர், மேலே ஷீட், பக்கத்திலேயே சமையலறை ஜன்னல் என்று நீங்களே படம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அது புகையைப் பிடித்து உள்ளே தள்ளும் புனல். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி இருக்க வேண்டும், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். மழையில் நனையுமே என்றால் அங்கேயே நாலு பக்கமும் திறந்த ஒரு சின்னப் பந்தல் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டோடு ஒட்டிக் கொண்டுவராதீர்கள். படுக்கையறைப் பக்கம் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். அந்த வாயு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்று நினைத்து அது 98 என்று காட்டும். மறுபடி அப்படித் தலைவலி வந்தால் எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போனதும் "ஜெனரேட்டர் ஓடியது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

2020-ல் அமெரிக்காவின் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது உயிரிழப்புகளின் முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த ஜெனரேட்டர் புகைதான். காற்று ஓய்ந்த பிறகு, தப்பித்துவிட்டோம் என்று நிம்மதியாகப் படுத்தவர்கள் அவர்கள்.

ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு எப்படி இணைத்தீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு பக்கமும் பின் வைத்த ஒரு வயரைச் சுவர் பிளக்கில் சொருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த மின்சாரம் உங்கள் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி உயர் அழுத்தமாக மாறும். கம்பத்தில் கம்பி இழுத்துக்கொண்டிருக்கும் ஊழியர் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைப்பார். தெரு லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவிடாமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள், அதுவரை ஃபிரிட்ஜையும் ஃபேனையும் எக்ஸ்டென்ஷன் வயரில் நேரடியாக ஓட்டினால் போதும்.

கொல்லையில் கேட்கும் சத்தம்

மண் உள்வாங்கி, மிதித்தால் டொம்மென்கிறது என்றால் கீழே வெற்றிடம். 35 வருடத்து வீடு என்கிறீர்கள். ஒன்று, பழைய மலத்தொட்டி, குழாய் இணைப்பு வந்த பிறகு யாரும் தூர்க்காமல் மேலே மண் போட்டு மறைத்தது. இல்லையென்றால் பலகையோ கல்பலகையோ போட்டு மூடிய பழைய கிணறு. வேறு காரணங்களும் உண்டு, உடைந்த வடிகால் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் தின்றிருக்கலாம். மேலே மூடி இருந்தால் அதன் பலகையோ கம்பியோ இத்தனை வருடம் ஈரத்தில் மக்கியோ துருப்பிடித்தோ இருக்கும், புயல் மழையில் ஊறிய மண் காய்ந்த மண்ணைவிடக் கனம். அதன்மேல் குழந்தைகள் குதிக்கிறார்கள்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். உள்வாங்கிய பகுதியின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 3 மீட்டராவது விட்டு. மேலே பலகை போட்டு மூடி வைப்பது வேண்டாம், மூடினால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், ஏற்கெனவே ஒருவர் மூடி மறந்ததுதான் இது.

திறந்து பார்க்க ஆள் கூப்பிடுங்கள். ஆனால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, எட்டிப் பார்க்கத் தலையைக்கூட விடக் கூடாது. மூடிக் கிடந்த மலத்தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும். பாழுங்கிணற்றில் ஆக்சிஜனே இல்லாமல் போயிருக்கலாம். இறங்கினவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவார், அவரும் திரும்ப மாட்டார். இந்த வேலையில் சாவு ஒற்றையாக வருவது குறைவு. அழுகிய முட்டை வாடை வந்தால் உஷாராகிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், அந்த வாடையைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும்.

மலத்தொட்டி என்றால் இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து, அடித்தளத்தை உடைத்து, உள்ளே தண்ணீர் தேங்காதபடி மணலோ ஜல்லியோ அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டித்து மூடுவது வழக்கம். வீட்டு இடிபாட்டையும் குப்பையையும் கொட்டி நிரப்பினால் நாலு வருடத்தில் மறுபடி உள்வாங்கும். கிணறு என்றால் தூர்ப்பதா, வலுவான மூடி போட்டு வைத்துக்கொள்வதா என்பது தனி விஷயம்.

சரி, இனி கூரை.

மணல் மூட்டைக் கணக்கு

கூரையை மேலே இருந்து அழுத்தி வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் வரும் முதல் எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ. 150 என்றால் 108 கிலோ. 200 என்றால் 193. அதாவது வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. தட்டையான கூரையின் மேல் காற்று வேகமாக வழுக்கிப் போகும்போது இந்த விசை பெரும்பாலும் மேல்நோக்கிய உறிஞ்சலாகத்தான் வேலை செய்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் அது இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகும். உங்கள் ஷீட்டுகள் மூலையிலிருந்து பிய்ந்தது தற்செயல் இல்லை, எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

உங்கள் அறை 4 மீட்டருக்கு 5 மீட்டர், 20 சதுர மீட்டர். 150 கிலோமீட்டர் காற்றில் அந்தக் கூரையை இரண்டு டன்னுக்கு மேற்பட்ட விசை மேலே இழுக்கும். ஷீட்டின் மொத்த எடை 100 கிலோ இருந்தால் அதிகம். நீங்கள் வைத்த பத்து மூட்டை, ஒன்று 25 கிலோ என்றாலும் 250 கிலோ. இரண்டு டன்னுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? அதோடு சாக்கு வெயிலில் மக்கிக் கிழியும், மூட்டை சரிந்து தெருவில் போகிறவர் தலையில் விழும், காற்றே இல்லாத நாளிலும் அந்தக் கனம் பர்லின்களை, அதாவது ஷீட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளை, வளைத்துக்கொண்டிருக்கும். இறக்கிவிடுங்கள்.

எடைக்குப் பதில் பிடிப்பு வேண்டும். புயல் ஒரு வீட்டை நொறுக்குவதைவிட, பிரித்துப் போடுவதுதான் அதிகம். இணைப்பு எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே விரலை விட்டு நெம்பும். ஷீட் பர்லினைப் பிடித்திருக்க வேண்டும், பர்லின் சட்டத்தை, சட்டம் தூணை, தூண் கான்கிரீட்டை, கான்கிரீட் தளம் சுவர் வழியாக அஸ்திவாரத்தை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போனால் மற்றவை எவ்வளவு தடிமனாக இருந்தும் புண்ணியமில்லை. ஷீட்டை மட்டும் கெட்டியாகத் திருகினால் என்ன ஆகும் தெரியுமா? மூன்று ஷீட் தனித்தனியாகப் பறப்பதற்குப் பதில் தூணோடு சேர்த்து மொத்தக் கூரையும் ஒரே துண்டாக எழும்பிப் போகும். நான் அப்படி ஒன்றை எதிர்வீட்டு மாடியில் பார்த்திருக்கிறேன், ஃபேனும் டியூப் லைட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

உங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகம் தூணின் அடியில். மொட்டைமாடியில் கான்கிரீட்டுக்கு மேல் தண்ணீர் ஓட்டத்துக்காக ஒரு பூச்சு அடுக்கு இருக்கும். அவசரமாக அறை எழுப்புகிறவர்கள் தூணின் பிளேட்டை அந்தப் பூச்சின் மேலேயே வைத்து, விரல் நீளப் போல்ட் நாலு அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் போல்ட் கான்கிரீட்டைத் தொட்டிருக்கவே இருக்காது. ஒரு பிளேட்டைச் சுற்றிக் கொத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். குழாயின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டுங்கள், உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருந்தால் சத்தம் மந்தமாக வரும், சில சமயம் சுத்தியலே உள்ளே போய்விடும்.

இன்னொன்று, நீங்கள் பழைய ஓட்டைகளிலேயே திருகியது. 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி என்ற புயல் தாக்கியது, அந்த ஊரின் பெரும்பாலான வீடுகள் ஒரே இரவில் குலைந்தன. பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டது, தகடு ஒரே இழுப்பில் கிழியவில்லை. காற்று விட்டுவிட்டு இழுத்ததில் திருகாணியைச் சுற்றித் தகடு மேலும் கீழும் வளைந்து, கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அந்த மாதிரி விரிசல் விட்டுக் கிழிந்தது. அதன்பிறகுதான் அங்கே மாதிரிக் கூரைகளை ஆயிரக்கணக்கான தடவை இழுத்து விட்டுச் சோதிக்கும் முறை வந்தது. உங்கள் மற்ற ஷீட்டுகளிலும் திருகாணியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பறந்த மூன்றையும் கழித்துவிட்டுப் புது ஷீட், புது ஓட்டை, திருகாணிக்கு அடியில் அகலமான வாஷர். ஓரத்திலும் மூலையிலும் நடுவில் போடுவதைவிட இரண்டு மடங்கு நெருக்கமாகத் திருகாணி, அங்கே பர்லினையும் நெருக்கிப் போட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷீட்டைக் குறையுங்கள். மேலே உறிஞ்சலும் அடியில் முட்டும் காற்றும் சேர்ந்து முதலில் தூக்குவது அந்த நீட்டலைத்தான்.

ஜன்னலைத் திறப்பதும் டேப் ஒட்டுவதும்

உறவினர் சொன்னது ஒரு காலத்தில் பெரிய பெரிய இடங்களிலேயே சொல்லப்பட்ட யோசனை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தவறு. காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் வீடு பலூன் மாதிரி உள்ளே ஊதும். வெளியே கூரையை மேலே இழுக்கும் உறிஞ்சல், உள்ளே அடியிலிருந்து தள்ளும் அழுத்தம், இரண்டும் கூடிக்கொள்ளும். 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது கார் நிறுத்தும் அறையின் அகலமான கதவு உள்ளே வளைந்து விழுந்ததும் பின்னாலேயே கூரையும் போன வீடுகள் உண்டு. எல்லா ஜன்னலும் கதவும் சாத்தியிருக்க வேண்டும், கண்ணாடி உடையாமலும் இருக்க வேண்டும். உங்கள் மாடி அறையின் தகரக் கதவுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள்தான் என்றால் மேலும் கீழும் இன்னும் இரண்டு போடுங்கள், மொத்தச் சங்கிலியில் அதுதான் மலிவான கண்ணி.

டேப் கண்ணாடிக்கு எந்த வலுவும் கொடுக்காது. உடையும்போது சின்னச் சின்னத் துண்டாகச் சிதறுவதற்குப் பதில் டேப்பில் ஒட்டிய பெரிய துண்டுகளாக வந்து வெட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். 12 முதல் 16 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஜன்னல் அளவுக்கு இப்போதே அறுத்து, எந்த ஜன்னலுக்கு எது என்று எண் போட்டு, திருகும் ஓட்டையையும் போட்டு வைத்துவிடுங்கள். புயல் வரும் நாளில் அறுக்க உட்கார்ந்தால் நடக்காது.

கான்கிரீட் போடலாமா

போடலாம், ஆனால் கீழ்வீடு தாங்குமா என்று தெரியாமல் கூடாது. 12.5 சென்டிமீட்டர் கனத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 310 கிலோ வரும். உங்கள் அறைக்குத் தளம் மட்டுமே ஆறு டன்னுக்கு மேல், சுவரும் தூணும் தனி. 35 வருடத்துக்கு முன் ஒரு தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரம் அதைத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். பழைய வரைபடம் கிடைக்கவில்லை என்றால் அஸ்திவாரத்தின் ஓரமாக ஒரு குழி தோண்டி அகலம், ஆழம், மண் மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொத்தனார் "அதெல்லாம் தாங்கும்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் விரிசல் விட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.

என் யோசனை கேட்டால், இந்தப் பருவத்துக்குத் தூண் அடியையும் ஷீட்டையும் மேலே சொன்னபடி சரிசெய்து, அந்த அறையைப் பகல் நேரத்துக்கும் சாமான் வைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூண்களைத் தளத்தை முழுதாகத் துளைத்து, அடியில் பிளேட் கொடுத்து நட்டுப் போட்டு இறுக்குவது எனக்குப் பிடித்த முறை, கீழ் அறையின் விட்டத்தில் நாலு நட்டு தெரியும், அழகு கெடும், இருந்துவிட்டுப் போகட்டும். மாமனாரைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மாடி ஏற முடிகிறவரை அங்கேயே இருக்கிறேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்கிறீர்கள். மழைக்காலத்துக்கு மட்டும் என்று சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் நிரந்தரத்துக்குத்தான் பயப்படுவார்கள்.

புயல் நேரத்தில் எல்லாரும் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள நடு அறையில். வெள்ளம் ஏறும் இடம் என்றால் இது பொருந்தாது, அப்போது வீட்டைவிட்டு முன்கூட்டியே கிளம்புவதுதான் வழி. நடுவில் சட்டென்று காற்று நின்று வானம் வெளுத்தால் ஷீட் இருக்கிறதா என்று பார்க்க மாடிக்கு ஓடாதீர்கள், அது புயலின் கண்ணாக இருக்கலாம், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டியை முதல் நாளே நிரப்பிவிடுங்கள். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் கனம், காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகர ஷீட்தான். தரைக்கு அடியில் தொட்டி இருந்தால் அதையும் நிரப்பி வையுங்கள், நிலத்தடி நீர் ஏறும்போது காலித்தொட்டி மிதந்து தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

பின் தாழ்வாரத்துச் சிமென்ட் ஷீட் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. பழையது என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். உடையாமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. துளை போடுவது, அறுப்பது, தேய்த்துக் கழுவுவதுதான் ஆஸ்பெஸ்டாஸ் நாரிழையைக் கிளப்பிவிடும், அது நுரையீரலில் தங்கினால் பல பத்து வருடம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். புயலில் உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்து, தகுந்த முகக்கவசத்தோடு துண்டுகளை எடுத்துத் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். உங்கள் பகுதி நிர்வாகம் இதற்கென்று விதி வைத்திருக்கும், சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. அதைச் சரிசெய்யப் போகிறவர் மேலே ஏறி நிற்கவும் கூடாது. பழைய சிமென்ட் ஷீட் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் காலடியில் உடையும்.

சாய்ந்த மரம்

சாய்ந்த மரமெல்லாம் விழப்போகிற மரம் இல்லை. சின்ன வயதிலேயே சாய்ந்து, பிறகு நுனி நேராக நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அது அந்தச் சாய்வுக்குப் பழகிவிட்ட மரம். நீங்கள் "சாய்ந்து வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள், அது வேறு. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா, வேர் தூக்கிக்கொண்டிருக்கிறதா, அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் இருக்கிறதா, அண்மையில் அந்தப் பக்கம் வடிகாலோ சிமென்ட் தரையோ போட்டபோது வேரை வெட்டினார்களா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரம். உச்சியை மொட்டையடிப்பது தீர்வு இல்லை, வெட்டின இடத்தில் கொத்தாக வரும் புதுக்கிளைகளுக்குப் பிடிப்பே இருக்காது, அடுத்த காற்றில் அவைதான் முறியும். தெரிந்தவரை வைத்துக் கிளைகளை அங்கங்கே கலைத்துவிட வேண்டும், வேரே போயிருந்தால் மரத்தை எடுக்கத்தான் வேண்டும்.

உரிமை என்று கேட்டீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாகப் பல இடங்களில் உங்கள் எல்லைக்குள் நீட்டும் கிளையை எல்லைவரை வெட்டலாம், ஆனால் அவர் இடத்துக்குள் நுழையவோ மரமே சாகும்படி வெட்டவோ முடியாது, சில இடங்களில் மரத்தைத் தொடவே அனுமதி வேண்டும். உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் ஒரு கடிதம். மண் வெடிப்பையும் வேரையும் படமெடுத்து, தேதி போட்டு, பெற்றதற்குச் சான்று கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். ஆரோக்கியமான மரம் புயலில் விழுந்தால் அது இயற்கையின் செயல் என்று அவர் சொல்லலாம். ஆபத்து என்று எழுத்தில் தெரிவித்த பிறகும் சும்மா இருந்துவிட்டு அப்படிச் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. கடிதத்துக்கு முன்னால் நேரில் ஒரு தடவை போய்ப் பேசுங்கள். அந்த மரம் அவர் வீட்டுப் பக்கமும் விழலாம் என்பது அவருக்கும் தெரியும், செலவைப் பாதிப் பாதி என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

விற்றவரும் காப்பீடும்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த மாதிரி வழக்குகளுக்கு நிபுணர் அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வாங்குகிறவர் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய குறைக்கு விற்றவரைப் பிடிப்பது கஷ்டம். தகர அறை கண்ணெதிரே இருந்தது, அனுமதி இருக்கிறதா என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை என்பார்கள். கேட்டு அவர் பொய் சொல்லியிருந்தால், அதற்கு ஒரு செய்தியோ கடிதமோ இருந்தால், கதை மாறும். என் பார்வையில் அறையைவிட வலுவான புகார் அந்தக் குழிதான். மண்ணுக்கு அடியில் மறைந்திருந்தது, அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு, உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் திறக்கும்போது ஒவ்வொரு கட்டமாகப் படமெடுங்கள், மேலே போட்ட பலகையை வீசிவிடாதீர்கள், திறந்த ஆளிடம் எழுதி வாங்குங்கள். புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு, சில சட்டங்களில் வாங்கிய நாளிலிருந்தும் சிலவற்றில் குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்தும் எண்ணுவார்கள். மூன்று வருடம் ஓடிவிட்டது, ஆகவே வக்கீலை இந்த மாதமே பாருங்கள். குழியை மூடும் செலவைவிட வழக்குச் செலவு கூடுதலாக வரும் என்று அவர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

காப்பீட்டில் நீங்கள் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். வீட்டை வாங்கின விலைக்குக் காப்பீடு எடுத்தது சரியான அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். நிலத்தைப் புயல் தூக்கிக்கொண்டு போகாது, எனவே நிலத்தின் விலைக்குக் காப்பீடு வேண்டாம், கட்டடத்தை மறுபடி கட்ட இன்றைக்கு என்ன ஆகுமோ அதுதான் கணக்கு. அதைவிடக் குறைவாக எடுத்திருந்தால் பல பாலிசிகளில் சேதத்தையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். பாதி மதிப்புக்கு எடுத்தவருக்குச் சேதத்திலும் பாதிதான். புயலும் வெள்ளமும் ஒரே பாலிசியில் இருக்கின்றனவா, தனித்தனியா என்று பாருங்கள். நாள்பட்ட தேய்மானம், துரு ஆகியவற்றுக்குப் பணம் வராது. அனுமதியில்லாத அறையைப் பற்றி மௌனமாக இருந்தால் கடைசியில் மொத்தக் கோரிக்கையையும் அதைக் காட்டி நிறுத்தலாம், இப்போதே எழுதித் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். அனுமதியை முறைப்படுத்த வழி இருந்தால் அதற்கும் விண்ணப்பியுங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு புதுப் பாலிசி எடுக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

இன்னொரு தடவை சேதம் ஆனால் தார்ப்பாய் போட்டு மேலும் நனையாமல் தடுப்பது உங்கள் கடமை, அதற்கான ரசீதை வைத்திருங்கள். நிரந்தர ரிப்பேரை மட்டும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகு தொடங்குங்கள். நனைந்த மெத்தை, அட்டைப்பெட்டி எல்லாம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவில்லை என்றால் பூஞ்சை பிடிக்கும், படமெடுத்துவிட்டு வெளியே போடுங்கள்.

குழியைத் திறந்த பிறகு அதன் ஆழம், உள்சுவர் செங்கல்லா கான்கிரீட் உறையா, தண்ணீர் நிற்கிறதா, வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்ற நான்கையும் எழுதுங்கள். கிணறாக இருந்து சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் தூர்க்கும் முறையே மாறும், அஸ்திவாரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.